58 கர்ப்பிணிகள், 14 நாட்கள்: லாஸ் ஏஞ்சலிஸ் தட்டம்மைப் பரவல்

1993-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் சில பக்கங்களே கொண்ட ஓர் ஆய்வு வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 1988-க்கும் 1991-க்கும் இடையில் தட்டம்மை கண்ட கர்ப்பிணிகள் 58 பேர். அவர்களுக்கும் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கும் என்ன ஆயிற்று என்பதுதான் அதன் பொருள். புதிய மருந்து எதையும் அது கண்டுபிடித்துச் சொல்லவில்லை, எண்ணிக் கணக்கு வைத்தது, அவ்வளவுதான். ஆனாலும் கர்ப்பகாலத் தட்டம்மை பற்றி யார் எழுதினாலும் இன்றுவரை அந்த 58 பேரிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

35 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 15 பேருக்கு நிமோனியா. இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூன்று பேர் கருக்கலைப்பு செய்துகொண்டார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஐந்து கர்ப்பங்கள் தாமாகச் சிதைந்தன, 13 குறைப்பிரசவங்கள் நடந்தன. இப்படி முன்கூட்டியே முடிந்த 18 கர்ப்பங்களில் 16, தாயின் உடம்பில் தடிப்பு தோன்றிய 14 நாட்களுக்குள் முடிந்தவை.

மற்ற எண்களைவிட இந்த 14 நாட்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காய்ச்சல் வடிந்து தடிப்பும் மங்கிய பிறகு ஆபத்து கர்ப்பம் முழுவதும் பதுங்கியிருந்து எட்டாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வெளிப்படவில்லை. வந்த வேகத்தில் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த இரண்டு வாரத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் நிறைமாதத்தில் பெற்றெடுத்தார்கள். பிறந்த பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடப் பிறவித் தட்டம்மை கண்டறியப்படவில்லை. நிறைமாதத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்குச் சிறு பிறவிக் குறைகள் இருந்தன. ஆனால் அந்தத் தாய்மார்களுக்குத் தட்டம்மை வந்தது கடைசி மாதங்களில், அதாவது உறுப்புகள் எல்லாம் உருவாகி முடிந்த பிறகு. எனவே பழியைத் தட்டம்மைமேல் போட இடமில்லை.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "கர்ப்பத்தில் அம்மை வந்தால் பிள்ளை குருடாகப் பிறக்கும், காது கேட்காது" என்பதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் பயம். அந்தப் பயம் பொய்யில்லை, அது வேறொரு நோயைப் பற்றியது. 1941-ல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று அதிகம் வருவதைக் கவனித்தார். தாய்மார்களை விசாரித்தபோது, பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்துபோயிருந்தது. முதல் மூன்று மாதத்துக்குள் ருபெல்லா தொற்றினால் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். தாய்க்கோ அது பெரும்பாலும் இரண்டு நாள் லேசான காய்ச்சலோடு போய்விடும். தட்டம்மை இதற்கு நேர் எதிர். பிள்ளையின் உறுப்புகளை அது கோணலாக்குவதில்லை, தாயின் நுரையீரலைப் பிடித்துக்கொள்கிறது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு நாம் புழங்கும் சொல்லே ஒரு காரணம். "அம்மை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வைரஸ்களை அடைத்து வைத்திருக்கிறோம். நீர் கோத்த கொப்புளமாக வருவது சின்னம்மை. மணலை வாரி இறைத்ததுபோல் உடம்பெங்கும் பொரிந்து, கண் சிவந்து, இருமலும் மூக்கொழுகலுமாக வருவது தட்டம்மை. சில ஊர்களில் மணல்வாரி என்கிறார்கள். ருபெல்லாவுக்கு நம்மிடம் சொந்தப் பெயர்கூட இல்லை, "ஜெர்மன் தட்டம்மை" என்று இரவல் வாங்கியிருக்கிறோம். கர்ப்பிணிக்கு மூன்றும் மூன்று விதமான கதை. சின்னம்மைக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு, பிரசவ நாளை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்குத்தான் பெரிய ஆபத்து. ருபெல்லா முதல் மூன்று மாதத்தில் வந்தால் பிள்ளைக்கு. தட்டம்மை எந்த மாதத்தில் வந்தாலும் தாய்க்கு, தாய் வழியாகக் கர்ப்பத்துக்கு. "அம்மை போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணிடம் எந்த அம்மை என்று கேட்காமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

நுரையீரலும் நஞ்சுக்கொடியும்

தட்டம்மை வைரஸ் மூச்சுவழி உள்ளே வந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்களில்தான் முதலில் குடியேறுகிறது. அவற்றின் மேலுள்ள ஸ்லாம் என்ற புரதம் அதற்குக் கதவு. அந்த அணுக்களிலேயே சவாரி செய்து உடம்பெல்லாம் சுற்றி, பிறகு நெக்டின்-4 என்ற இன்னொரு புரதத்தின் வழியாக மூச்சுக்குழாயின் உள்தோலைப் பிடிக்கிறது. அங்கே பெருகி இருமலோடு வெளியே பறக்கிறது. இந்த நெக்டின்-4 தட்டம்மைக்கு வாசல் என்று தெரியவந்தது 2011-ல்தான். அந்தப் புரதம் நஞ்சுக்கொடியிலும் ஏராளமாக இருக்கிறது.

அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1991-ல், ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருந்தார்கள். தட்டம்மை கண்ட தாய், வயிற்றிலேயே இறந்த சிசு. நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது வைரஸ் அங்கே இருந்தது, சிசுவின் உறுப்புகளில் இல்லை. பிள்ளையிடம் போகாமல் நஞ்சுக்கொடி வைரஸைத் தடுத்துவிட்டது. தடுத்த முயற்சியில் அது தானே செத்துப்போனது. லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கில் பிறவித் தட்டம்மை ஒன்றுகூட இல்லாமல் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் மட்டும் குவிந்து கிடந்ததை இதோடு சேர்த்துப் படித்தால் ஓரளவு புரிகிறது. எல்லாச் சிதைவுகளுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடும் காய்ச்சலும், நிமோனியாவில் இரத்தத்தில் குறையும் ஆக்சிஜனும் பிரசவ வலியைத் தூண்டப் போதுமானவை.

கர்ப்பத்தின் பின்பாதியில் பெண்ணின் நுரையீரலுக்குக் கையிருப்பு குறைவு. கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. சாதாரண நாளில் இதை உடம்பு சமாளித்துக்கொள்ளும். நுரையீரலின் உள்தோலிலேயே வைரஸ் உட்கார்ந்துவிட்டால் சமாளிக்க இடமில்லை. இதோடு, தட்டம்மை நோய் எதிர்ப்பு அணுக்களையே அழித்துவிடுவதால் பின்னாலேயே பாக்டீரியாவும் நுழைகிறது. தடிப்பு வந்த மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் இறங்க ஆரம்பிக்க வேண்டும். இறங்காவிட்டாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்.

அதே பரவலில் தட்டம்மை கண்ட, கர்ப்பமாக இல்லாத பெண்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கர்ப்பிணிகள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நிமோனியா இரண்டரை மடங்குக்கு மேல், மரணம் ஆறு மடங்கு. இந்த ஆறு மடங்கை நான் அப்படியே தூக்கிப் பிடிக்கமாட்டேன். இரண்டே மரணங்களை வைத்துப் போட்ட விகிதம் அது, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எண் தலைகீழாகும். இன்னொன்று, சுகாதாரத் துறையின் பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் மருத்துவமனை வரை வந்தவர்களின் பெயர். வீட்டிலேயே கிடந்து எழுந்தவர்கள் கணக்கில் விட்டுப்போயிருக்கலாம், அப்படியானால் உண்மையான ஆபத்து இந்த எண்கள் காட்டுவதைவிடக் குறைவு.

இந்த ஐயங்களையெல்லாம் வைத்துக்கொண்டுதான் நமீபியாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2009, 2010 ஆண்டுகளில் அங்கே நடந்த பரவலில் தட்டம்மை கண்ட 55 கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். முடிவு தெரிந்தவை 42. அவற்றில் 25-ல் தாய்க்கோ சிசுவுக்கோ ஏதேனும் ஒரு கேடு, ஐந்து தாய்மார்கள் மரணம். தட்டம்மை இல்லாத கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டபோது கருச்சிதைவு ஆறு மடங்கு, வயிற்றிலேயே சிசு இறப்பது ஒன்பது மடங்கு. வேறு கண்டம், வேறு வசதி, 20 ஆண்டு இடைவெளி. திசை மட்டும் மாறவில்லை.

இவர்கள் எப்படி மாட்டினார்கள்

அமெரிக்காவில் தட்டம்மைத் தடுப்பூசி 1963-லேயே வந்துவிட்டது. 1983-ல் நாடு முழுவதற்கும் 1,500 பேருக்குத்தான் தட்டம்மை. நோய் ஒழிந்தது என்றே நினைத்தார்கள். 1989 முதல் 1991 வரையிலான மூன்றே ஆண்டுகளில் 55,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது, 123 பேர் இறந்தார்கள்.

ஓட்டை எங்கே என்று தேடியபோது விடை எளிமையாக இருந்தது. பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அதனால் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் போட்டிருந்தார்கள். பள்ளிக்குப் போகும் வயதுவரை யாரும் கேட்பதில்லை. பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஊசியே இல்லாமல் கூட்டமாக வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில்தானே அடுத்த பிள்ளைக்குக் கர்ப்பமான தாயும் இருப்பாள். தட்டம்மை எங்கே தீப்பிடித்ததோ, அந்த வீட்டின் அடுப்படியிலேயே கர்ப்பிணி நின்றுகொண்டிருந்தாள்.

கர்ப்பிணியின் பக்கமும் ஓர் ஓட்டை உண்டு. முந்தைய தலைமுறைக்குச் சிறுவயதில் தட்டம்மை வந்துபோய் ஆயுளுக்கும் எதிர்ப்பாற்றல் இருந்தது. அது எவ்வளவு நீடிக்கும் என்பதற்கு ஒரு பழைய சான்று: 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது டென்மார்க்கின் இளம் மருத்துவர் பீட்டர் பானும் கவனித்தார், 65 ஆண்டுகளுக்கு முன் 1781-ல் நோய் கண்ட முதியவர்களை அது தொடவே இல்லை. தடுப்பூசி வந்தபின் நோய் குறைந்தது. ஊசியும் போடாமல், நோயும் வராமல், எதிர்ப்பாற்றல் இல்லாமலேயே வளர்ந்து தாய்மை வயதுக்கு வந்த ஒரு கூட்டம் இடையில் உருவானது.

அந்த இடைக்கூட்டம் நம்மிடமும் இருக்கிறது. இந்தியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1985-ல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது, ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு தவணை. அந்த வயதில் போடும் ஒற்றைத் தவணை நூற்றுக்கு 85 குழந்தைகளிடம்தான் வேலை செய்யும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் மிச்சமிருந்து ஊசியை மழுங்கடிப்பது ஒரு காரணம். இரண்டாம் தவணை 2010-ல்தான் வந்தது. தட்டம்மை ருபெல்லா கூட்டுத் தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவுகளில் தொடங்கியது, ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை. வாட்ஸ்ஆப் வதந்திகளால் பல பெற்றோர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாமல் விட்டது நினைவிருக்கும். அப்போது 15 வயது நிறைந்திருந்தவர்கள், அதாவது 2002 தொடக்கத்துக்கு முன் பிறந்தவர்கள், அந்த முகாமின் கணக்கிலேயே இல்லை. இன்று தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் பெண்களில் பலர் அவர்கள்தான். குழந்தையாக ஒரு தவணை போட்டிருப்பார்கள். போட்டார்களா என்று கேட்டால் அம்மாவுக்குத்தான் தெரியும், அட்டை எப்போதோ கரையானுக்குப் போயிருக்கும்.

"டார்ச் டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். டார்ச் என்பது கர்ப்பத்தைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனை. வழக்கமான டார்ச் பரிசோதனையில் ருபெல்லா உண்டு, தட்டம்மை கிடையாது. தட்டம்மைக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்க, இரத்தத்தில் நீடித்திருக்கும் எதிர்ப்புப் புரதத்தைக் காட்டும் ஐஜிஜி பரிசோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

தொட்டபின் ஆறு நாள்

கர்ப்பகாலப் பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினால் முதலில் ஒரு ஏமாற்றம். தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போட முடியாது. அது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். கருத்தரிக்க நினைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தெரியாமல் கர்ப்பத்தில் போட்டுவிட்டால் கலைக்கவும் தேவையில்லை, அதனால் பிள்ளைக்குக் கேடு வந்ததாகச் சான்று இல்லை. இதைச் சரியாகச் சொல்ல ஆளில்லாமல் வீணாகக் கலைக்கப்படும் கர்ப்பம்தான் கேடு. வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்று மூத்த பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போடுவதும் தவறு. ஊசி வைரஸ் பிள்ளையிடமிருந்து தாய்க்குத் தொற்றுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஊசி போடுவதுதான் தாய்க்குக் கவசம்.

எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணி தட்டம்மை நோயாளியோடு ஓர் அறையில் இருந்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே வழி இம்யூனோகுளோபுலின், அதாவது மற்றவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். தொடர்பு ஏற்பட்ட ஆறு நாட்களுக்குள் நரம்பு வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 24 கிராம், ஐந்து கிராம் பாட்டிலாக வாங்கினால் ஐந்து பாட்டில். விலையைக் கேட்டால் குடும்பமே யோசிக்கும். ஆறு நாள் என்பது தாராளமாகத் தோன்றும், ஆனால் அந்தக் கடிகாரம் தடிப்பைப் பார்த்த நாளிலிருந்து ஓடுவதில்லை. தட்டம்மைக்காரர் தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். அப்போது அது வெறும் சளிக் காய்ச்சல். அவர் எழுந்துபோன அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம்வரை இருக்கும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றால், முகத்தில் தடிப்பைக் கண்டு "இது அம்மைதான்" என்று தெளியும்போதே நான்கு நாள் போயிருக்கும்.

நம் வழக்கத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியார் வரமாட்டார்கள், கர்ப்பிணியை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா, அங்க போகாத" என்று பாட்டி சொல்வது தொற்று தடுக்கும் அறிவுதான், குறை சொல்ல மாட்டேன். அது நான்கு நாள் தாமதமாக வருகிறது, அதுதான் சிக்கல். இன்னொரு சிக்கல், அம்மை இறங்கும்வரை மருந்து கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கர்ப்பிணியையும் வீட்டிலேயே வைத்திருப்பது. லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கில் 16 கர்ப்பங்கள் முடிந்தது சரியாக அந்த நாட்களில்தான்.

நோய் வந்துவிட்டால் வைரஸைக் கொல்ல உறுதியான மருந்து இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், நீர்ச்சத்து, ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருத்தல், நிமோனியா என்றால் ஆன்டிபயாடிக், குழந்தையின் அசைவைக் கவனித்தல். ஓர் எச்சரிக்கை: தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ அதிக அளவில் கொடுப்பார்கள், கண்ணையும் உயிரையும் காப்பதற்கு. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்கு 2 லட்சம் யூனிட், இரண்டு நாள். வீட்டில் மிச்சமிருக்கும் அதே மருந்தைக் கர்ப்பிணிக்கு ஊற்றிவிடக் கூடாது. அதிக வைட்டமின் ஏ கருவின் உருவத்தையே கெடுக்கும். கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு நாளுக்கு 10,000 யூனிட்தான்.

இரத்தத்தில் ஐஜிஎம், அதாவது புதிதாகத் தொற்று வந்ததும் உருவாகும் எதிர்ப்புப் புரதம், பார்ப்பதும் தொண்டைச் சளியில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பார்ப்பதும் நோயை உறுதி செய்யும். தடிப்பு வந்த முதல் மூன்று நாட்களில் ஐஜிஎம் எதிர்மறையாக வரலாம், அதை வைத்துத் தட்டம்மை இல்லை என்று முடிவு கட்டி வீட்டுக்கு அனுப்பினால் வம்பு.

பிரசவ வார்டில்

2025-ல் மேற்கு டெக்சாஸில் தட்டம்மை பரவியபோது 762 பேருக்கு நோய் உறுதியானது, தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பரவலின் நடுவே லபக் நகரில் ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தார். அவருக்குத் தட்டம்மை இருந்தது தெரியவந்தபோது அவர் ஏற்கெனவே வார்டுக்குள் இருந்தார். அதே வார்டில் மற்ற தாய்மார்கள், பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகள். அந்தப் பச்சிளங்குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் கொடுக்க வேண்டியதாயிற்று.

கர்ப்பிணிக்குச் சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்கு முதலில் போன் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஓபி வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு மற்ற கர்ப்பிணிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட நல்ல பரப்பு வழி தட்டம்மைக்கு வேறில்லை. முகக்கவசம், தனி வாசல், தனி அறை. பெரிய ஊர்களில்கூட மகப்பேறு மருத்துவமனைகளில் தனி அறை கிடைப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும்.

பிரசவத்தை ஒட்டித் தட்டம்மை வந்த தாயின் குழந்தைக்குப் பிறந்ததுமே இம்யூனோகுளோபுலின் போடுவது வழக்கம். பச்சிளம் பருவத்தில் தொற்றும் தட்டம்மை நிமோனியாவோடு நிற்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து மூளையை அரிக்கும் எஸ்எஸ்பிஇ என்ற நோய்க்கும் அந்தக் குழந்தைகளிடம் வாய்ப்பு கூடுதல், அதற்கு இன்றுவரை முழுமையான சிகிச்சை கிடையாது. தாயைத் தனிமைப்படுத்தினாலும் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம்.

எதிர்ப்பாற்றல் இல்லை என்று கர்ப்பத்தில் தெரிந்தும் நோய் வராமல் தப்பிய பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளே தடுப்பூசி போட்டுவிடலாம். பால் கொடுப்பது தடையில்லை. நடுவில் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் மட்டும் எட்டு மாதம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எதிர்ப்புப் புரதமே ஊசியை வீணாக்கிவிடும். குழந்தைக்கு அன்றைக்கே பிசிஜி, போலியோ, மஞ்சள் காமாலை ஊசி எல்லாம் அட்டையில் ஏறியிருக்கும். தாய்க்கு என்ன போட்டோம், என்ன பாக்கி என்று எழுத அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை.